நிறம் பெற்ற நாடுகளும் நிறம் பெறாத மக்களும்: ‘உலகில் தமிழர்’ நிலப்படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

உலகத் தமிழர் பற்றிய நூல்களின் முதற் பக்கங்களிலும், மாநாட்டு மலர்களின் அட்டைகளிலும், புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பள்ளிச் சுவர்களிலும் ஒரே வகையான நிலப்படம் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. உலகம் ஒரு நீள்சதுரத்துள் விரிந்து கிடக்கும். தமிழர் வாழும் நாடுகள் எல்லை முதல் எல்லை வரை நிறந்தீட்டப்பட்டிருக்கும். மிகுதியானோர் வாழும் நாட்டிற்கு அடர்சிவப்பு, குறைவானோர் வாழும் நாட்டிற்கு வெளிர்சிவப்பு, எவரும் இல்லை எனக் கருதப்படும் நாட்டிற்குச் சாம்பல். ‘உலகில் தமிழர்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். படத்தை ஆக்கியவர் பெயரோ, எண்கள் எங்கிருந்து பெறப்பட்டன என்ற குறிப்போ பெரும்பாலும் இராது. பார்ப்பவர் கேட்பதும் இல்லை. தமிழர் பரந்து வாழ்கின்றனர் என்ற பெருமிதத்தை ஒரு கணத்தில் ஊட்டுவது அப்படத்தின் பணி. அந்தப் பணியை அது செவ்வனே செய்கிறது.

ஆயினும் நிலப்படம் என்பது ஒரு கூற்று. கட்டுரையில் வரும் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் சான்று கேட்கும் ஆய்வுலகம், அதே கட்டுரையில் அச்சாகும் படத்தை மட்டும் அணியெனக் கொண்டு விட்டுவிடுகிறது. அப்படத்தைக் கூற்றாகவே கொண்டு வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது. அவ்வாறு வாசிக்கும்போது தெரிவது இது: இவ்வகைப் படத்தில் கண்ணுக்குப் புலப்படுவது தமிழர் வாழும் அரசுகளின் பரப்பளவு; தமிழர் அல்லர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றிய தீவுச் சமூகங்கள் அதில் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன. நாற்பது ஆண்டுகளுக்குள் பெருகிய சமூகம் ஒரு கண்டத்தின் பாதியை நிரப்புகிறது. நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் பண்பாட்டு அமைச்சுகளும் தமிழ்ச் சமூகம் எங்கே இருக்கிறது என்பதை இத்தகைய படங்களின் வழியாகவே முதலில் அறிகின்றன என்பதால், இது அழகியல் சார்ந்த குறை மட்டுமாக நின்றுவிடுவதில்லை.

எறியம் பற்றிய பழைய வழக்கு

உருண்டையான புவியைத் தட்டையான தாளில் வரையும் கணித முறையை எறியம் என்பர். நிலப்படங்கள் மீதான குற்றச்சாட்டு என்றதும் பலரும் நினைப்பது ஜெரார்டஸ் மெர்கேட்டரின் எறியத்தையே. 1569இல் அவர் வரைந்த படம் மாலுமிகளுக்கானது. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு செல்லும் கப்பலின் வழி அப்படத்தில் நேர்கோடாக அமையும். இந்த வசதிக்கு விலை உண்டு. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லப் பரப்பு ஊதிப் பெருக்கும். அகலாங்கு 60 பாகையில் பரப்பு 4 மடங்காகத் தோன்றும். 70 பாகையில் 8.5 மடங்காகும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. மெர்கேட்டர் படத்திலோ இரண்டும் ஒத்த அளவினவாகத் தோன்றும்.

தமிழர் வாழ்நிலங்களை வைத்தே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தின் பரப்பை இந்த எறியம் 3 விழுக்காடு மட்டுமே மிகைப்படுத்துகிறது. சென்னையை 5 விழுக்காடு. டொரன்டோவை ஏறத்தாழ 1.9 மடங்காகவும், இலண்டனை 2.6 மடங்காகவும், ஒஸ்லோவை 4 மடங்காகவும் பெருக்குகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. தாயகமும் பழைய குடியேற்ற நிலங்களும் வெப்ப மண்டலத்தில் உள்ளன. புதிய புலம்பெயர் நாடுகளுட் பல வடக்கில் உள்ளன. ஆகவே மெர்கேட்டர் எறியத்தில் வரையப்படும் எந்தத் தமிழர் படமும், வரைபவர் நினையாமலே, புதிய குடியேற்றத்தைப் பெரிதாக்கிப் பழையதைச் சுருக்குகிறது. 2005இல் வந்த கூகுள் மேப்ஸ் இந்த எறியத்தின் ஒரு வகையையே இணையத்தில் நிலைநிறுத்தியது. அதே அடித்தளத்தில் பிறர் ஆக்கும் படங்களும் இந்தச் சாய்வை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டன.

இதற்கு எதிரான கிளர்ச்சியும் புதியதன்று. ஜேம்ஸ் கால் என்ற ஸ்கொட்லாந்து மதகுரு 1855இலேயே சமபரப்பு எறியம் ஒன்றை முன்வைத்தார். ஆர்னோ பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் 1973இல் பொன் நகரில் செய்தியாளரைக் கூட்டி, ஏறத்தாழ அதே எறியத்தைத் தம் கண்டுபிடிப்பாக அறிவித்து, மெர்கேட்டரை ஐரோப்பிய மேலாதிக்கத்தின் கருவி என்றார். நிலப்பட வல்லுநர்கள் சினந்தனர். அந்தச் சினத்தில் நியாயமும் இருந்தது, தொழில்முறைப் பொறாமையும் கலந்திருந்தது. ஆப்பிரிக்காவை ஈரத் துணிபோல் தொங்கவிட்ட பீட்டர்ஸ் படத்தின் வடிவக் கேடு கண்கூடு. எனினும் பரப்பு என்பது நீதி சார்ந்த வினா என்பதை உலகம் உணர்ந்தது அவரால்தான். பின்னர் 2018இல் போயன் ஷாவ்ரிச், டொம் பட்டர்சன், பெர்ன்ஹார்ட் ஜென்னி மூவரும் வடிவையும் ஓரளவு காத்துப் பரப்பையும் சமமாக வைக்கும் ‘ஈக்குவல் எர்த்’ எறியத்தை வெளியிட்டனர். 2025இல் ஆப்பிரிக்க ஒன்றியம் மெர்கேட்டரைக் கைவிடக் கோரும் இயக்கத்திற்கு ஆதரவளித்தது.

ஆப்பிரிக்கர்க்கு இந்தப் போராட்டம் பொருத்தமானது. அவர்கள் கேட்பது தம் நிலத்தின் உண்மையான பரப்பை. தமிழர் படத்திற்கோ சமபரப்பு எறியம் பாதி மருந்துகூட ஆகாது. கனடாவின் பரப்பு ஏறத்தாழ 99.8 இலட்சம் சதுர கிலோமீற்றர். சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 730. எறியம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கனடா சிங்கப்பூரைவிட 13,000 மடங்குக்கு மேல் பெரிதாகவே தோன்றும். 30 சென்ரிமீற்றர் அகலமான உலகப் படத்தில் கனடா 7 சென்ரிமீற்றர் அகலத்துக்கு நீண்டு கிடக்கும். அதே படத்தில் சிங்கப்பூர், மொறீசியசு, ரியூனியன் மூன்றும் தனித்தனியே அரை மில்லிமீற்றருக்கும் குறைவானவை. நாட்டெல்லை வரையும் மைக்கோடே அவற்றை மூடிவிடும். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாடும், பணத்தாளில் தமிழ் எழுத்தைப் பொறித்த நாடும் இவ்வாறு அழிகின்றன. (1998இல் மொறீசியசின் புதிய பணத்தாள்களில் தமிழ் எழுத்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டபோது அங்குள்ள தமிழர் எதிர்த்தெழுந்தனர், அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பணத்தாளில் ஓரிடத்துக்காக இவ்வளவு விழிப்புடன் இருந்த சமூகம், உலகத் தமிழர் படத்தில் தனக்கு இடமே இல்லாதிருப்பதைக் கண்டதாகத் தெரியவில்லை.) குறை எறியத்தில் இல்லை. நாட்டை முழுவதும் நிறத்தால் நிரப்பும் முறையில் இருக்கிறது.

நிறம் நிரப்பும் முறை

நிறநிரப்புப் படத்தின் தொடக்கம் 1826. பிரெஞ்சுக் கணித அறிஞரும் பொறியாளருமான சார்ல் துய்ப்பென், பள்ளி செல்லும் ஆண் குழந்தைகளின் விகிதத்தை மாவட்டவாரியாகக் கருமையும் வெண்மையும் கொண்டு காட்டினார். ‘இருண்ட பிரான்சு’, ‘ஒளிபெற்ற பிரான்சு’ என இரண்டு பிரான்சுகள் உண்டென்ற பேச்சு அதன்பின் பல பத்தாண்டுகள் நிலைத்தது. இருண்ட மாவட்டத்திலும் படித்த ஊர் இருக்கலாம், ஒளிபெற்ற மாவட்டத்திலும் எழுத்தறியாச் சிற்றூர் இருக்கலாம் என்பதைச் சொல்ல அந்த நிறத்தால் இயலவில்லை. இம்முறைக்கு 1938இல் ‘கோரோப்ளெத்’ எனப் பெயர் சூட்டிய அமெரிக்கப் புவியியலாளர் ஜோன் கிர்ட்லண்ட் ரைற்று, பெயர் சூட்டும்போதே அதன் மீது ஐயமும் கொண்டிருந்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன், கேப் கொட் பகுதியின் மக்கட்செறிவை வரைகையில், ஆள் வாழாத இடங்களை நீக்கி எஞ்சிய இடத்திலேயே மக்களைப் பகிர்ந்து காட்டியவர் அவர். மக்கள் இல்லாத இடத்திற்கு மக்களைக் குறிக்கும் நிறத்தைத் தருவது பொய் என்பது அவர் நிலை.

அந்த அளவுகோலைக் கொண்டு தமிழர் படத்தை நோக்கினால், கனடாவின் வடகோடியிலுள்ள நுனவுட் பனிவெளியும் சிவந்து கிடப்பது தெரியும். கனடியத் தமிழர் பெரும்பாலும் டொரன்டோப் பெருநகரிலும், குறிப்பாக ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளிலும், அடுத்து மொன்றியலிலும் வாழ்கின்றனர். ஒரு விரல்நுனியால் மறைக்கத்தக்க இடம் அது. ஆஸ்திரேலியாவின் சிவந்த பாலைவனமும் இவ்வாறே.

இதைவிடப் பெரிய பிழை இந்தியாவில் நிகழ்கிறது. இந்தியா முழுவதையும் அடர்சிவப்பாக்கும் படங்கள் பல. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீற்றர் அளவு. இந்தியப் பரப்பில் 4 விழுக்காடு. பிழையைத் தவிர்க்க எண்ணுவோர் தமிழ்நாட்டை மட்டும் நிறந்தீட்டுவர். அங்கே மற்றொரு பிழை நேர்கிறது. 2011ஆம் ஆண்டின் இந்தியக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகத் தந்தோர் 6.9 கோடி. அவருள் தமிழ்நாட்டில் வாழ்ந்தோர் 6.37 கோடி. எஞ்சிய ஏறத்தாழ 52 இலட்சம் பேர் புதுச்சேரியிலும் கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் மராட்டியத்திலும் கேரளத்திலும் பிற இடங்களிலும் வாழ்ந்தவர்கள். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் வாழும் தமிழரைக் கூட்டினாலும் இந்தத் தொகையை எட்டாது. கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்களும் மும்பைத் தாராவியில் குடியேறியவர்களும் கடவுச்சீட்டுப் பெறாத காரணத்தால் ‘உலகத் தமிழர்’ ஆகவில்லை. புலம்பெயர்வு என்றால் நாட்டெல்லையைத் தாண்டுவது என்ற வரையறையைக் கட்டுரைகளில் வாதிட்டு நிறுவ வேண்டியிருக்கும். படமோ வாதிடாமலே நிறுவிவிடுகிறது.

இலங்கையின் நிலை வேறு. தீவு முழுவதற்கும் ஒரே சிவப்பு என்றால் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் நுவரெலியாவும் ஒன்றாகின்றன. அங்கு 1911 முதல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டு தனி வகைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. 1981இல் முன்னவர் 12.7 விழுக்காடு, பின்னவர் 5.5 விழுக்காடு, 2012இல் முறையே 11.2, 4.1. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் தீவு முழுவதையும் தழுவிய கணக்கெடுப்பு எதுவும் நிறைவேறவில்லை. 2001இல் நடந்ததும் வடக்கு கிழக்கை முழுமையாக எட்டவில்லை. ஆகவே போர்க்காலத்தில் அச்சான எந்தத் தமிழர் படமும் இலங்கைக்கு 1981ஆம் ஆண்டின் எண்ணையோ அதிலிருந்து நீட்டிய ஊகத்தையோதான் பயன்படுத்தியிருக்க முடியும். அதே படத்தில் கனடாவுக்குப் புதிய எண். போரால் வெளியேறியவர் ஒருவர் இலங்கையிலும் கனடாவிலும் ஒரே நேரத்தில் எண்ணப்பட்டிருக்கக்கூடும்.

எண்ணின் பின்னுள்ள வினா

மேற்கூறிய குறை காலம் பற்றியது. இன்னொன்று வினா பற்றியது. பல படங்களில் அடிப்படைக் கோளாறு இதுவே.

‘தமிழர் எத்தனை பேர்?’ என்று எந்த அரசும் ஒரே மாதிரி கேட்பதில்லை. கனடா தாய்மொழி, வீட்டுமொழி, இனத் தோற்றம் என மூன்றையும் தனித்தனியே கேட்டு மூன்று வேறு எண்களைத் தருகிறது. இங்கிலாந்தும் வேல்சும் 2011இல் ‘முதன்மை மொழி’ எது எனக் கேட்டன; தமிழ் என்றோர் ஏறத்தாழ 1 இலட்சம். அங்கே பிறந்து, வீட்டில் பெற்றோருடன் தமிழும் வெளியில் ஆங்கிலமும் பேசும் பிள்ளை ‘ஆங்கிலம்’ என்று குறித்தால் அக்கணமே தமிழர் தொகையிலிருந்து நீங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியா வீட்டில் பேசும் மொழியைக் கேட்கிறது. நோர்வே மொழியையே கேட்பதில்லை; பிறந்த நாட்டையும் பெற்றோர் பிறந்த நாட்டையும் பதிவேட்டிலிருந்து எடுக்கிறது. அதனால் மூன்றாம் தலைமுறை பிறக்கும்போதே கணக்கிலிருந்து மறைகிறது. இலங்கையிலிருந்து வந்தோருள் தமிழர் யார் என்பதும் எண்ணிலிருந்து தெரியாது. மலேசியாவில் வெளியிடப்படும் பெரும்பகுப்பு ‘இந்தியர்’; 1921, 1931ஆம் ஆண்டுகளின் மலாயாக் கணக்கெடுப்புகளில் தமிழர் தனியே எண்ணப்பட்டனர் என்பது ஒரு முரண். மொறீசியசு முன்னோர் மொழியையும் வீட்டில் வழங்கும் மொழியையும் வேறுபடுத்திக் கேட்டு வந்துள்ளது. இரண்டுக்கும் கிடைக்கும் விடைகளுக்கிடையே உள்ள தொலைவே அத்தீவின் தமிழ் வரலாறு. மியன்மாரில் 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் இனவாரி எண்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடியிருப்போருள் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, பத்தாண்டு முன் இது 3.3 ஆக இருந்தது. முதல் எண்ணைக் கொண்டு நிறந்தீட்டினால் அடர்சிவப்பு. இரண்டாவதைக் கொண்டு தீட்டினால் வெளிர்சிவப்பு. இரண்டுமே தமிழர் தொகை ஆகா: முதலாவதில் தமிழர் அல்லாதோரும் உள்ளனர், இரண்டாவதில் ஆங்கிலம் பேசும் தமிழர் இல்லை. படம் வரைபவர் இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்தே ஆக வேண்டும். அத்தெரிவு, தமிழர் என்பவர் மொழியாலா மரபாலா என்ற நெடிய விவாதத்தில் ஒரு பக்கம் சாய்வதாகும். கனடாவுக்கு மொழி, மலேசியாவுக்கு இனம், நோர்வேக்குப் பிறந்த நாடு என்று கலந்து ஒரே நிற ஏணியில் அடுக்கும் படம், ஒரே நேரத்தில் மூன்று வரையறைகளையும் ஏற்று எதையும் ஏற்காமல் நிற்கிறது. மாநாட்டுக் கட்டுரை ஒன்று இவ்வாறு செய்தால் அமர்வுத் தலைவர் விட்டுவிடமாட்டார்.

ரியூனியன் தீவு இந்தச் சிக்கலின் உச்சம். 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்க் கரையிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள் அங்கு ‘மலபார்’ என்ற பெயரால் அறியப்படுகின்றனர். கோயில்களும் தீமிதியும் குடும்பப் பெயர்களும் நிலைத்துள்ளன. பேச்சுமொழி பெரும்பாலும் கிரெயோல் ஆகிவிட்டது. பிரெஞ்சு அரசோ தன் குடிமக்களை இனவாரியாக எண்ணுவதே இல்லை. மொழி வழியே வரைந்தால் ஏறத்தாழ வெற்றிடம். மரபு வழியே வரைய அரசின் எண் இல்லை. வழக்கமான படத்தில் ரியூனியன் பிரான்சின் பகுதியாகி, பாரிசின் லா சப்பேல் கடைத்தெருவில் அண்மைக் காலத்தில் குடியேறிய ஈழத்தமிழரின் நிறத்தையே தானும் பெறுகிறது. இரண்டு வரலாறுகள், இரண்டு பெருங்கடல்கள், ஒரே நிறம்.

பயணக் கோடுகள்

இருப்பைக் காட்டும் படத்தைவிட, பெயர்வைக் காட்டும் படம் தமிழர் வரலாற்றுக்குப் பொருத்தமானது எனலாம். இதற்கு முன்னோடி உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ஜோசப் மினார், 1858ஆம் ஆண்டில் உலகெங்கும் புலம்பெயர்ந்தோரை ஒரே தாளில் வரைந்து 1862இல் வெளியிட்டார். பெயர்ந்தோர் தொகைக்கேற்பத் தடிக்கும் நிறக்கோடுகள் கண்டங்களுக்கிடையே வளைந்து செல்கின்றன. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா செல்லும் பெருங்கோடுகளுடன், இந்தியாவிலிருந்து மொறீசியசு, ரியூனியன் நோக்கிச் செல்லும் கோடும் அதில் உண்டு. நிறநிரப்புப் படத்தில் காணாமற்போகும் தீவுகள் இங்கே ஒரு கோட்டின் முடிவிடமாக நின்று கண்ணை இழுக்கின்றன. மினார் நிலவடிவங்களைப் பெரிதாக மதிக்கவில்லை. பருத்தி வணிகத்தை வரைந்தபோது, கோடுகள் செல்ல இடம் போதாத நீரிணைகளை விரித்தே வரைந்தார். கரையோரத்தை வளைத்து மனிதரை நேராகக் காட்டுவது அவர் தேர்ந்த வழி.

அவர் படத்திலும் குறை உண்டு. கல்கத்தாவில் ஏறிய போஜ்புரியரும் சென்னையில் ஏறிய தமிழரும் ஒரே கோட்டில் கலந்துவிடுகின்றனர். கோட்டுக்கு மொழி தெரியாது. நேட்டாலுக்கான கோடு அதில் இருக்க வழியில்லை: சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் சேர்ந்தது 1860இல்தான்.

பயணக் கோடுகளை இன்று வரைவோர் பெரும்பாலும் மினாரின் கவனத்தை இழந்துவிட்டனர். புறப்பட்ட நாட்டையும் சேர்ந்த நாட்டையும் நேர்வில்லாக இணைப்பதே வழக்கம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். அவர்கள் கப்பலேறியது மேற்கு ஜெர்மனியில். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு ஒரு வளைகோடு வரைந்தால் அந்த நடுப்பகுதி முழுவதும் துடைக்கப்படுகிறது. ஏதிலி வாழ்வின் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியில்தான் கழிகிறது. எதிர்த்திசைக் கோடுகளும் வரையப்படுவதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. மன்னார்க் கடலைத் தாண்டிய அந்தப் பெயர்வு, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள் வரை சென்ற கோடு. இருப்பைக் காட்டும் படத்தில் அது தமிழர் நிலத்திலிருந்து தமிழர் நிலத்துக்கு நிகழ்ந்த மாற்றம். ஆகவே நிறத்தில் எந்த மாறுதலும் இல்லை.

புள்ளியின் நேர்மையும் ஆபத்தும்

நிறநிரப்புக்கு மாற்றாகப் புவியியலாளர் முதலில் கூறுவது புள்ளிப்படம். 1830இல் பிரெர் த மொந்திசோன் பிரான்சின் மக்களை 10,000 பேருக்கு ஒரு புள்ளி என வரைந்தார். 1854இல் மருத்துவர் ஜோன் சுனோ இலண்டன் சோஹோவில் கொலரா மரணங்களை வீடுவாரியாகக் குறித்து, நோயின் ஊற்று ஒரு நீர்க்குழாய் எனக் காட்டிய கதையை அறியாதார் இலர். ஆள் இருக்கும் இடத்தில் மட்டுமே குறி இருக்கும் என்பது புள்ளியின் நேர்மை. நுனவுட் வெறுமையாகும், ஸ்காபரோ கறுக்கும், சிங்கப்பூர் தெரியத் தொடங்கும்.

புள்ளிப்படத்தின் வேறொரு வரலாறு நூல்களில் அவ்வளவு விரிவாகச் சொல்லப்படுவதில்லை. 1941இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ், ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் புள்ளிவிவர அலுவலகம் அந்நகரின் யூதர் வாழிடங்களைக் காட்டும் படமொன்றை ஆக்கியது. ஒரு புள்ளி 10 யூதர். தொழில் நோக்கில் குறைகாண இயலாத படம் அது. நெதர்லாந்தின் ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தமிழர் வரலாற்றிலிருந்து இந்த எடுத்துக்காட்டு அதிகத் தொலைவில் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்றோர் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்பது அக்காலச் செய்தியாளரும் ஆய்வாளரும் பதிவுசெய்தது. பட்டியலை முகவரிவாரியாகத் தாளில் இட்டால் புள்ளிப்படம். நுண்மையான தரவு நல்ல தரவு என்ற இன்றைய தரவுக்காட்சித் துறையின் எடுகோள், பாதுகாப்பான சமூகங்களில் வாழ்வோரின் எடுகோள். எண்ணப்படாமையால் மறையும் ரியூனியன் தமிழரும், எண்ணப்பட்டமையால் அழிக்கப்பட்ட வெள்ளவத்தை வீடுகளும் ஒரே சிக்கலின் இரு முனைகள். பிரான்சு இனவாரி எண்ணிக்கையைத் தவிர்ப்பதற்குப் பின்னாலும் விஷி ஆட்சிக்கால நினைவு உண்டு என்பதை எண்ணினால், அந்நாட்டின் மௌனத்தை வெறும் புறக்கணிப்பென்று ஒதுக்க இயலாது.

மக்கட்டொகைக்கேற்ப நாடுகளையே வீங்கவும் சுருங்கவும் செய்யும் உருத்திரிபுப் படம் மற்றொரு மாற்று. மைக்கேல் காஸ்ட்னரும் மார்க் நியூமனும் 2004இல் தந்த கணக்கீட்டு முறையும், 2006இல் டானியல் டோர்லிங்கும் உடன் உழைத்தோரும் தொடங்கிய ‘வேர்ல்ட்மேப்பர்’ படங்களும் இதனைப் பரவலாக்கின. தமிழருக்கு இம்முறையில் படம் வரைந்தால் தமிழ்நாடு தாள் முழுவதையும் விழுங்கும். ஏனைய உலகம் அதன் ஓரத்தில் நூலிழைகளாகத் தொங்கும். உண்மைதான், ஆனால் வாசிக்க இயலாத உண்மை.

எஞ்சுவது விகிதசம வட்டம்: நகரின் மீது, தொகைக்கேற்ற பரப்புடைய ஒரு வட்டம். அதிலும் இடர் உண்டு. மனிதக் கண் பெரிய வட்டங்களின் பரப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறது என்பதை 1950களில் ஜேம்ஸ் ஃபிளானரி சோதனை வழியே காட்டினார். மேலும் 1 இலட்சம் பேருக்கு 2 மில்லிமீற்றர் விட்டம் என்று கொண்டால், இந்தியாவின் 6.9 கோடிக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல் விட்டம் வேண்டும். 30 சென்ரிமீற்றர் உலகப் படத்தில் அது தென்னாசியா முழுவதையும் இந்துமாகடலின் ஒரு பகுதியையும் மூடிவிடும். தாயகத்தையும் புலம்பெயர் நிலங்களையும் ஒரே அளவுகோலில், ஒரே தாளில் வரைய முடியாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. இரண்டு படங்கள் வேண்டும். ‘உலகில் தமிழர்’ என்ற ஒற்றைத் தலைப்பின் கவர்ச்சியை விட்டுக்கொடுக்க ஆக்குவோர் தயங்குவது இங்கேதான்.

கோடு தரும் உறுதி

தமிழ்ப் புலமையுலகம் நிலப்படத்தால் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்ததுண்டு. விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் லெமூர்களின் பரவலை விளக்க ஊகித்த ‘லெமூரியா’, இருபதாம் நூற்றாண்டில் குமரிக்கண்டமாகித் தமிழ் நூல்களில் கரையோரமும் ஆறும் மலையும் கொண்ட படமாயிற்று. சுமதி ராமசாமி 2004ஆம் ஆண்டு நூலில் இப்படங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். இழப்பின் ஏக்கம் உண்மையானது. இலக்கியத்தில் அதற்கு இடமுண்டு. கடற்கோளைப் பாடும் செய்யுளில் ஐயத்துக்கு இடமிருந்தது. அதே செய்தி அகலாங்கு நெட்டாங்குக் கோடுகளிடையே தொடர்கோடாக வரையப்பட்டவுடன் அளந்து கண்ட நிலமாகிவிட்டது. இன்றைய நிறநிரப்புப் படத்தில் கண்டம் கற்பிதமன்று. ஆனால் அறியாததை அறிந்ததுபோல் காட்டும் கோட்டின் இயல்பு மாறவில்லை.

ஆகவே ஐயத்தை வரையும் வழக்கத்தைத் தமிழியல் வெளியீடுகள் மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. அரசுக் கணக்கெடுப்பிலிருந்து வந்த தொகைக்கு நிறைந்த வட்டம். சமூக அமைப்புகளின் மதிப்பீட்டுக்கு உள்ளீடற்ற வட்டம். எண்ணே இல்லாத இடத்துக்குப் புள்ளிக்கோட்டு வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் ஆண்டும், கேட்கப்பட்ட வினாவும்: ‘வீட்டுமொழி, 2020’, ‘இனம், 2012’, ‘பெற்றோர் பிறந்த நாடு’. நகரத்தினும் நுண்ணிய அளவில், அச்சுறுத்தலுக்கு உள்ளாகக்கூடிய நாடுகளில், எதையும் குறிக்காமை. இந்தியாவும் இலங்கையும் தனித் தாளில். அத்தாளில் பெங்களூரும் தாராவியும் நுவரெலியாவும் தத்தம் வட்டத்துடன். சுவரில் தொங்கவிட இப்படம் அழகாக இராது. குறிப்புகள் மிகுந்து, தலைப்பு நீண்டு, பெருமிதம் குறைந்து காணப்படும். ரியூனியன் மீது இந்துமாகடலில் ஒரு புள்ளிக்கோட்டு வட்டம் இருக்கும். அதனருகில் சிறு எழுத்தில் ‘இவ்வினா இங்கு கேட்கப்படவில்லை’ என்றிருக்கும்.